மறு: அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனாலும் பயமாக இருக்கிறது
மன்னார்குடி நண்பருக்கு, அண்ணன் நடவு, ஆள் கூலி, சொசைட்டிக் கடன் எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறார், ஆனால் விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார், சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேலை நடக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இது 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். தனியாக இருக்கும்போது, "செத்துடலாம்னு தோணுதாண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம், பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்; வயல்காட்டு வீடுகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவர் வர மறுத்தால் நீங்களே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.