ஒரு பேண்டி மைதானத்தில் நான்கு ஹாக்கித் தளம்
சர்வதேச பேண்டிக் கூட்டமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கே: பேண்டி என்பது ஐஸ் ஹாக்கிக்கு இன்னொரு பெயரா?

ப: இல்லை. பனிக்கட்டியின் மேல் ஆடும் கால்பந்து என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பக்கத்துக்கு 11 பேர், 45 நிமிடமாக இரண்டு பாதி. ஆஃப்சைடு உண்டு. ஹாக்கியின் தட்டைச் சில்லுக்குப் பதில் உள்ளங்கையில் அடங்கும் பந்து, நுனி வளைந்த மட்டை. கோல்கீப்பருக்கு அந்த மட்டையும் கிடையாது, 3.5 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கோலைக் கையாலும் காலாலும்தான் காக்க வேண்டும்.

கே: இந்த விளையாட்டுக்கு உலக அளவில் யார் பொறுப்பு? எப்போதிலிருந்து?

ப: சர்வதேச பேண்டிக் கூட்டமைப்பு, சுருக்கமாக எஃப்.ஐ.பி. ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே, சோவியத் யூனியன் ஆகிய நான்கும் 1955 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடித் தொடங்கின. இங்கிலாந்தில் சார்லஸ் டெபட் 1882-லேயே விதிகளை அச்சிட்டுவிட்டார். ஆனால் ஆட்டம் கிழக்கே போகப் போக வேறாகிப்போனது; சோவியத் விதி ஒன்று, நார்டிக் நாடுகளின் விதி வேறொன்று. இரு தரப்பும் மோத வேண்டுமென்றால் பொது விதிநூல் வேண்டும். கூட்டமைப்பு பிறந்ததே அதற்காகத்தான். இரண்டே ஆண்டில், 1957-ல், ஹெல்சிங்கியில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அதிலிருந்து 1979 வரை நடந்த 11 போட்டிகளையும் சோவியத் அணியே வென்றது. 1981-ல்தான் ஸ்வீடன் அந்த வரிசையை முறித்தது.

கே: பழைய செய்திகளில் ஐ.பி.எஃப். என்று இருக்கிறதே?

ப: அதே அமைப்புதான். அந்த எழுத்துகள் இறகுப்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்தன. குழப்பம் வேண்டாமென்று 2001-ல் பேண்டிக்காரர்கள் எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2006-ல் இறகுப்பந்துக்காரர்களும் பெயரை மாற்றிவிட்டார்கள்!

கே: உலகக் கோப்பை வென்ற அணியே உலகச் சாம்பியன் இல்லையா?

ப: பேண்டியில் இல்லை. ‘உலகக் கோப்பை’ கிளப்புகளுக்கானது. ஸ்வீடனின் யூஸ்டாலில் 1974-ல் தொடங்கியது. நாட்டு அணிகள் மோதுவது எஃப்.ஐ.பி. நடத்தும் உலகச் சாம்பியன்ஷிப்பில். இதில் வலுவானவர்களுக்கு ‘ஏ’ பிரிவு, மற்றவர்களுக்கு ‘பி’ பிரிவு. மகளிர் சாம்பியன்ஷிப் 2004-ல்தான் வந்தது.

கே: இத்தனை பழைய விளையாட்டு ஏன் குளிர்கால ஒலிம்பிக்கில் இல்லை?

ப: ஒருமுறை எட்டிப் பார்த்தது. 1952 ஆஸ்லோவில் காட்சி விளையாட்டாக, அதாவது பதக்கக் கணக்கில் சேராமல், மூன்று நாடுகள் ஆடின. மூன்றுமே ஒரு வெற்றி, ஒரு தோல்வி. கோல் வித்தியாசத்தில் ஸ்வீடன் முதலிடம். ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் 2004-ல் கிடைத்தது. அங்கீகாரம் வேறு, போட்டி நிரலில் இடம் வேறு. குளிர்கால நிரலுக்கு மூன்று கண்டங்களில் 25 நாடுகளிலாவது ஒரு விளையாட்டு பரவலாக ஆடப்பட வேண்டும் என்பது ஒலிம்பிக் சாசனம் நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல். உறுப்பினர் பட்டியலை நீட்டிவிடலாம். ‘பரவலாக’ என்ற சொல்தான் இடிக்கிறது.

காரணம் பனிக்கட்டி. முழு அளவு பேண்டி மைதானம் 110 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம் வரை போகும்: 7,150 சதுர மீட்டர். சர்வதேச அளவிலான ஐஸ் ஹாக்கித் தளம் 60-க்கு 30, அதாவது 1,800. நான்கு ஹாக்கித் தளத்துக்கான குழாயும் குளிரூட்டியும் மின்சாரமும் ஒரே ஆட்டத்துக்கு! வட அமெரிக்காவில் முழு அளவுச் செயற்கைத் தளம் மினசோட்டாவின் ரோஸ்வில்லில் ஒன்றே ஒன்று. ஒலிம்பிக் நடத்தும் ஊர், போட்டி முடிந்த பின் அந்தத் தளத்தை என்ன செய்யும் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லாதவரை நிலைமை மாறாது என்பது எங்கள் கணிப்பு. 2011 ஆசியக் குளிர்கால விளையாட்டில் பேண்டி இருந்தது. அங்கே ஆடியவையும் மூன்றே அணிகள்தாம்.

கே: முழு மைதானம் இல்லாத நாடு எப்படித் தொடங்குவது?

ப: ஹாக்கித் தளத்தில் ‘ரிங்க் பேண்டி’ ஆடலாம். கோல்கீப்பரோடு சேர்த்துப் பக்கத்துக்கு 6 பேர். பந்தும் மட்டையும் அதே. ஆனால் அதிலேயே பழகிவிட்டு நேராகப் பெரிய மைதானத்தில் இறங்கினால் சிக்கல். ஹாக்கித் தளத்தைச் சுற்றி ஆள் மார்பளவு தடுப்பு. தவறிய பந்தும் மோதித் திரும்பி வரும். பேண்டியில் பக்கவாட்டுக் கோட்டில் மட்டும் 15 செ.மீ. உயரச் சட்டம், அதுவும் தளத்தோடு பிணைக்காமல் சும்மா நிற்கும். ஆள் மோதினால் நகர்ந்துவிடும். சற்றே எழும்பிய பந்து தாண்டிப் போய்விடும், அடுத்த அடி எதிரணிக்கு. ஆகவே முதலில் பழக வேண்டியது தரையோடு ஒட்டிய நீண்ட பாஸ். ஸ்கேட்டும் வேறு: நீளமான, வளைவு குறைந்த அலகு. ஹாக்கி ஸ்கேட் சட்டென்று திரும்பும். நூறு மீட்டர் ஓட்டத்தில் அதுவே காலைச் சோர்த்துவிடும்.

கே: கார்னர் அடிக்கும்போது தற்காப்பு அணி ஏன் கோலுக்குப் பின்னால் நிற்கிறது?

ப: விதி அப்படி. பந்து மூலையில் இருக்கும். தாக்கும் அணியினர் பெனால்டிப் பகுதிக்கு வெளியே நிற்பார்கள். அது கோல் கோட்டின் நடுவிலிருந்து 17 மீட்டர் ஆரத்தில் வரைந்த அரைவட்டம். தற்காப்பாளர்கள் கோல் கோட்டுக்குப் பின்னால். பந்து அடிபட்ட கணத்தில் இவர்கள் முன்னே பாய, அவர்கள் பந்தை நிறுத்தி கோலைக் குறிவைப்பார்கள். அடி விழும் முன்பே பாய்ந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கே: ஆட்டத்தின் நடுவே பனி கொட்டினால்?

ப: தூள்பனியில் பந்து உருளாது, மட்டைக்கு முன் சிக்கி நிற்கும். அதனால் 30 நிமிடமாக மூன்று பகுதியாய்ப் பிரித்து, இடைவேளைகளில் தளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய விதி இடம் தருகிறது. கடுங்குளிருக்கும் இதே ஏற்பாடு. 1999-ல் ஆர்கேஞ்ஜல்ஸ்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இதுவும் போதவில்லை. சில ஆட்டங்களை 15 நிமிடமாக நான்கு பகுதி என்று சுருக்கி, நடுவில் நீண்ட இடைவேளை விட்டார்கள்.

கே: 2022-ல் சாம்பியன்ஷிப் ஏன் நடக்கவில்லை?

ப: ரஷ்யாவின் சிக்திவ்காரில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் ரத்தானது. ரஷ்யா, பெலாரஸ் அணிகள் விலக்கப்பட்டன. 2023-ல் ஸ்வீடனின் ஓபியில் கூரையிட்ட அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஃபின்லாந்தை ஸ்வீடன் வென்றது. கூரைக்குக் கீழ் ஆடியதால் மேலே சொன்ன பனிச் சுரண்டலுக்கு வேலையில்லை.