பானெட்டில் ஒட்டிய பூச்சியும் மரப்பிசினும்

வணக்கம் சார். ராத்திரி புனலூரிலிருந்து ஆரியங்காவு வழியா வந்ததில் பானெட் முழுக்கப் பூச்சி, செங்கோட்டையில் மாமரத்தடியில் ரெண்டு நாள் நின்றதில் பிசின், ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம் சார், கீறல் விழுந்துடும்.

வண்டியை நிழலில் ஆறவிடுங்க. பூச்சி மேல் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, கார் ஷாம்பு தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் மெதுவா எடுங்க. நாள் தள்ளாதீங்க. செத்த பூச்சியில் அமிலம் உண்டு, வெயிலில் கிடந்தால் பெயின்டை அரிச்சுடும்.

அடுத்தது பிசின். மாமரம் பூக்கும் சமயத்தில் கார் மேல் சொட்டுகிற பிசுபிசுப்பு பெரும்பாலும் பிசினே இல்லை, தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீர். அது வெதுவெதுப்பான தண்ணீருக்கே போயிடும். கெட்டியா, மணிமணியா நின்றால்தான் நிஜப் பிசின். அதுக்கு மெடிக்கலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, துணியில் நனைத்து அரை நிமிஷம் ஒற்றிப் பிடிங்க, இளகி வரும். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதிச்சுக்கோங்க, ரீபெயின்ட் செய்த இடம்னா கட்டாயம். தின்னர் பக்கமே போகாதீங்க, பெயின்டே கரைஞ்சுடும்.

ஆல்கஹால் பட்ட இடத்தில் பழைய வாக்ஸும் போயிருக்கும். கழுவித் துடைச்சதும் புது வாக்ஸ் போட்டுடுங்க.