ஓலை, சாயம், செடி, குருவி: கோடை விடுமுறைக் கேள்விகளுக்குப் பதில்கள்

மே மாதம் பாதி ஓடிவிட்டது. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் எதையாவது கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் தாவரவியல் எம்.எஸ்சி. முதலாண்டு முடித்தவள். ஊர், மதுரையிலிருந்து அழகர்கோயில் போகும் வழியில் ஒரு கிராமம். ஓலை பின்னுவது அப்பத்தா கற்றுக்கொடுத்தது. சாயமும் செடி பதப்படுத்துவதும் நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

திருமங்கலம், பி.காம். முதலாண்டு: அக்கா, ஓலைப் பின்னல், எம்பிராய்டரி, களிமண், சோப்பு என்று எல்லாமே பழக ஆசை. 25 நாள்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

நாலையும் தொட்டால் நாலும் அரைகுறையாக அலமாரியில் கிடக்கும். என் அலமாரியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஓலையை எடுங்கள். இது நுங்குக் காலம், பனையில் ஆள் ஏறுகிற நேரம். நுங்கு வெட்டுகிறவரிடமே ஒரு குருத்தோலை கேட்டு வாங்கலாம். ஒரு மரத்துக்கு ஒன்று போதும். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், அது சேதமானால் மரமே போய்விடும். அதனால் வெட்டுவதை ஏறுகிறவர் பக்குவத்துக்கே விட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த ஓலையை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் பச்சை போய் வெளிர் நிறம் வரும். நடுவில் இருக்கும் ஈர்க்கை உரித்தெடுத்துவிட்டு ஒரே அகலத்தில் கீறிக்கொள்ளுங்கள். அகலம் ஒன்றுபோல இல்லையென்றால் பின்னல் நாலாவது வரிசையிலேயே கோணும். புதிதாகப் பின்னுகிறவர்கள் சொல்கிற "என் கைக்கு வரவில்லை" என்பதில் பாதி, கீறும்போது செய்த தப்புதான். பின்னுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். அப்பத்தா விடியற்காலையில்தான் பின்ன உட்காருவார். எனக்கு அது பழக்கமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் மதியம் நானே உட்கார்ந்து பார்த்தேன், ஓலை அப்பளம் மாதிரி படபடவென்று ஒடிந்தது. காலையில் காற்றில் ஈரம் இருக்கும், ஓலை சொன்னபடி வளையும்.

முதலில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தட்டையாக ஒரு புத்தகக் குறி. அடுத்து பேனா வைக்கும் உறை. கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டிக்கும் கிலுகிலுப்பைக்கும் அப்புறம் போகலாம். மூலை திருப்புவது பிடிபட ஒரு வாரம் ஆகும்.

உசிலம்பட்டி, பி.ஏ. தமிழ்: செய்த ஓலைப்பெட்டியில் கரும்புள்ளி வந்துவிட்டது.

பூஞ்சை. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பிளாஸ்டிக் பைக்குள் போட்டிருப்பீர்கள். துடைத்து வெயிலில் வையுங்கள். புள்ளி போகாது, பரவுவது நிற்கும்.

வில்லாபுரம், பி.எஸ்சி. வேதியியல்: மஞ்சள் தூளில் முக்கிச் சாயமேற்றிய குர்த்தி இரண்டே துவைப்பில் வெளுத்துவிட்டது. சோப்பு பட்ட இடம் சிவப்பாக வேறு மாறியது. என்ன தப்பு?

வேதியியல் படிக்கிறவர் கேட்கிற கேள்வியா இது! ஆரத்தித் தண்ணீர் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, சோப்பின் காரம் உங்கள் குர்த்தியில் செய்ததும் அதைத்தான். வெளுத்ததற்குக் காரணம் வேறு. மஞ்சள் துணியில் சுலபமாக ஏறும், ஆனால் வெயிலில் நிற்காது. உங்கள் செய்முறையில் தப்பு இல்லை, பொருளைத் தேர்ந்ததில்தான் தப்பு.

பருத்தித் துணிக்கு நான் செய்கிற முறை இது. புதுத்துணியின் கஞ்சி போகச் சலவை சோடா போட்டு ஒருமுறை கொதிக்கவைத்து அலசுங்கள். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள், தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறட்டும். பிழிந்து, அலசாமல் நிழலில் காயவையுங்கள். அடுத்து 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து அதில் சில மணி நேரம். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பற்றிக்கொள்ளும், படிகாரம் அந்தத் துவர்ப்பைப் பற்றும், சாயம் படிகாரத்தைப் பற்றும். பருத்தி நேரடியாகப் படிகாரத்தை அவ்வளவாக வாங்காது, அதனால்தான் நடுவில் கடுக்காய். கடைசியாக, துணியின் எடைக்குச் சமமான காய்ந்த மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் முக்கால் மணி நேரம் மெதுவாகச் சூடாக்குங்கள். நல்ல மஞ்சள் வரும், மஞ்சள் தூளைவிட எவ்வளவோ நிற்கும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தால் அதுவே பாசிப்பச்சைக்குப் போகும். கொஞ்சம்தான்! இரும்பு கூடினால் துணி நைந்துபோகும். என் தாவணி ஒன்று அப்படித்தான் கரித்துணியானது.

கடுக்காயும் படிகாரமும் எந்த நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கும். சாயப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பிப் போகக்கூடாது.

அதே கேள்வியின் வால்: அப்படியே முடிச்சுப் போட்டுச் சுங்குடியும் செய்யலாமா?

கைக்குட்டை அளவில் செய்து பாருங்கள். துணியை நகக்கண் அளவு கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. ஒரு கைக்குட்டைக்கு நூறு முடிச்சு போட்டுவிட்டு ஒரு சேலைக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், சௌராஷ்டிரா வீட்டுப் பெண்களின் விரல்களை நினைத்துக் கும்பிடத் தோன்றும். மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் இன்று அதிகம் தொங்குவது முடிச்சுக்குப் பதில் மெழுகு அச்சில் புள்ளி போட்டது. கைமுடிச்சு என்றால் புள்ளி இருக்கும் இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும், தடவினாலே தெரியும்.

மேலூர், பி.எஸ்சி. விலங்கியல்: பறவை பார்க்க அரிட்டாபட்டி மலைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மே மாதத்தில் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பாறை தோசைக்கல். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி என்ற வேட்டைப் பறவைகள் மூன்றும் பதிவான இடம். அதனால்தான் 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பேன் என்று போகாதீர்கள். நான் போன நாலு தடவையில் வல்லூறு கண்ணில் பட்டது ஒரு தடவை, அதுவும் மூன்று நொடி. வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் தமிழ்பிராமிக் கல்வெட்டும் அங்கேயே இருக்கின்றன. புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அலங்காநல்லூர், பி.எஸ்சி. இரண்டாமாண்டு: கிணற்றடி மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிறது. அறுத்து வந்து லைட் மாட்டலாமா? வீடியோவில் பார்த்தேன்.

வேண்டாம் தம்பி. பறவைக் கூட்டைக் கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. அதைவிட, ஜூன் தொடங்கினால் அங்கே ஒரு நல்ல காட்சி இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன்? கூடு பின்னுவது ஆண். புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து, முதலில் ஒரு வளையம் போடும். பாதிக் கூடு முடிந்ததும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி. பிடிக்காத பாதிக் கூடுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். என் அலமாரி ஞாபகம் வருகிறது.

திருப்பரங்குன்றம், பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு முடித்தவர்: மூன்றாம் பருவத்துக்குப் பத்துச் செடி ஹெர்பேரியம் (அழுத்திக் காயவைத்த செடித் தொகுப்பு) வைக்க வேண்டும். இப்போதே சேர்க்கலாமா? வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கிறதே?

சேர்க்கலாம். எருக்கு, ஆவாரை, குப்பைமேனி, துத்தி, ஊமத்தை, நாயுருவி எல்லாம் இந்த வெயிலுக்கும் சாலையோரத்தில் ஏதாவது ஓரிடத்தில் கிடைக்கும். பூவோ காயோ இல்லாத கிளையை எடுக்காதீர்கள், அடையாளம் காண அதுதான் வேண்டும். செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பி, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பிவைத்து, மேலே பலகையும் பாரமும். எங்கள் வீட்டு அம்மிக்கல்லுக்கு மிக்ஸி வந்தபிறகு கிடைத்த வேலை இதுதான். முதல் நாலு நாள் தினமும் தாளை மாற்றுங்கள். சோம்பல்பட்டால் செடி கறுக்கும். பிரண்டை மாதிரிச் சதைப்பற்றுள்ளதைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கிவிட்டு அழுத்துங்கள், இல்லையென்றால் அது தாளுக்குள்ளேயே துளிர்க்கும்!

பறித்த இடத்திலேயே நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, இடம், செடியின் உயரம், பூவின் நிறம், ஊரில் சொல்கிற பெயர். காய்ந்தபின் நிறம் போய்விடும், நினைவும் போய்விடும். நான் முதல் வருடம் எழுதாமல் விட்டு, மஞ்சள் பூவா வெள்ளைப் பூவா என்று வாய்மொழித் தேர்வில் விழித்தேன். அழகர்மலை காப்புக்காடு, அங்கே பறிக்காதீர்கள். போட்டோ போதும்.

சோழவந்தானிலிருந்து ஒரு தாய்: என் மகள் நாள் முழுக்க ஓலையும் கத்தரிக்கோலுமாகவே இருக்கிறாள். அடுத்த வருடப் படிப்புக்கு எப்போதம்மா தயாராவாள்?

அம்மா, கைவேலை செய்தால் மார்க் கூடும் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதல் வருடத்தில் துணைப்பாட வேதியியலில் அரியர் இருந்தது. அதை எழுதித் தேறியது அடுத்த கோடையில்தான். காலையில் ஓலை. பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே தலைகாட்ட முடியாது, ஓலையும் ஒத்துழைக்காது. அந்த நேரம் வேதியியல். வெயிலே போட்டுக்கொடுத்த அட்டவணை. வீட்டில் ஃபேன் காற்று தாங்கவில்லை என்றால் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தது, உள்ளே ஏசி. மதியத்தை மட்டும் அவளிடம் கேட்டு வாங்குங்கள், காலையை விட்டுவிடுங்கள்.

அனுப்பானடி, டிப்ளமோ: கல்லூரிக்கு நோட்டு வாங்கவே ஐந்நூறு ரூபாய் ஆகிறது. வீட்டிலேயே பைண்டிங் செய்ய முடியுமா?

தாராளமாக. பழைய நோட்டுகளின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி, எழுதாத இரட்டைத் தாள்களைச் சேருங்கள். எட்டெட்டுத் தாளாகச் சேர்த்து நடுவில் மடித்து, அப்படி ஆறு கட்டு வைத்தால் 192 பக்கம். மடிப்பில் ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் கட்டுகளை ஒன்றோடொன்று தையுங்கள். முதுகுக்குக் காலிகோ துணி, மேலே பழைய காலண்டர் அட்டை. மைதாவைக் காய்ச்சிய பசையில் பூச்சி வராமல் இருக்க பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்கள். அது விஷம், தூரிகையால் மட்டும் தொடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். வெயிலில் காயவைக்காதீர்கள், அட்டை வளைந்துவிடும். நிழல், மேலே பாரம். அம்மிக்கல்லுக்கு இன்னொரு வேலை.

பல பேர்: விற்கலாமா?

ஒரு பேனா உறைக்கு எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது. 120 ரூபாய்க்கு மேல் யாரும் தந்ததில்லை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டி, என்.எஸ்.எஸ். மாணவர்: விதைப்பந்து செய்து மலையில் எறியப் போகிறோம். வேம்பு நல்லதா?

வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுக்கும். அதன் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். போன வருடத்து விதையைப் பந்தாக்கி இப்போது எறிந்தால் மண் உருண்டையைத்தான் எறிகிறீர்கள். கொன்றை விதை தாங்கும், ஆனால் தோல் கெட்டி, உரசிவிடாமல் முளைக்கச் சோம்பும். என்னைக் கேட்டால், பால் கவரில் மண் போட்டுப் பத்துக் கன்று வளர்த்து, ஐப்பசி மழையில் நடுங்கள். போட்டோவுக்கு அழகாக இருக்காது, மரம் இருக்கும்.

எல்லிஸ் நகர்: இது கைவினைக் கேள்வி இல்லை. ஜன்னலோரம் ஒரு குயில் விடிகாலை நாலரைக்கே கத்துகிறது. நிறுத்த வழி உண்டா?

இல்லை. கத்துவது ஆண். காகம் கூடு கட்டுகிற இந்தப் பருவத்தில்தான் அதற்கும் வேலை, பெண்குயில் முட்டையைக் காகத்தின் கூட்டில் வைத்தாக வேண்டும். ஆடி கழிந்தால் தானாக அடங்கும். அதற்குள் உங்களுக்குக் கல்லூரி திறந்து, அந்த நேரத்துக்கு அலாரம் வைத்திருப்பீர்கள்.