மயிரிழை விரிசல்: கேள்வி பதில்

கே: சிங்கப்பூர் துவாஸில் கப்பல் யார்டில் ஃபிட்டராக இருக்கிறேன் அண்ணே. சுமை தூக்கக் கொக்கி மாட்டும் இரும்புக் காதான லிஃப்டிங் லக்கின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. பெயிண்டில் விழுந்ததா, இரும்பிலேயா?

ப: முதலில் அதில் தூக்குவதை நிறுத்துங்கள் தம்பி. பெயிண்டை ரிமூவர் போட்டு எடுங்கள். கிரைண்டர் வைத்தால் இரும்பு இழுபட்டு விரிசலின் வாய் மூடிவிடும். கிளீனரால் துடைத்து, காய்ந்ததும் விரிசலுக்குள் ஊடுருவும் சிவப்புச் சாயமான டையை அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும். கிளீனரை நேராக அடித்தால் விரிசலுக்குள் போன டையும் கழுவிக்கொண்டு போய்விடும். டையை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சான டெவலப்பரை நன்றாகக் குலுக்கி மெல்லிய படலமாக அடித்து 10 நிமிடம் பாருங்கள். வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்தால் இரும்புதான்.

கே: விரிசல் மேலே ஒரு வரி வெல்டிங் அடித்தால் போதாதா?

ப: போதாது. விரிசல் அடியில் அப்படியே இருக்கும். முழுவதும் தோண்டியெடுத்து, டை போட்டு உறுதி செய்த பிறகே வெல்டிங்.

கே: சேஃப் லோடுக்குள்தானே தூக்குகிறோம், ஏன் உடைகிறது?

ப: ஒருமுறை தாங்கும் சுமையை லட்சம் முறை தாங்கும் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு தூக்கலிலும் விரிசலின் நுனி துளி துளியாக முன்னேறும். எஃகில் சுமை இரட்டித்தால் அதே விரிசல் ஏறத்தாழ 8 மடங்கு வேகமாக வளரும். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய காமெட் பயணிகள் ஜெட் விமானம் 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. 1,290 முறை பறந்து, காற்றழுத்தம் ஏறி இறங்கியே அதன் உடல் தளர்ந்திருந்தது.

கே: விரிசல் முனையில் துளை போட்டால் நிற்குமாமே?

ப: கூர்முனை வட்டமானால் கொஞ்சக் காலம் நிற்கும். துளை உண்மையான நுனியில் விழ வேண்டும்; கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் விரிசல் போயிருக்கும்.

கே: எங்கள் யார்டில் மேடைத் தகட்டில் துளை போட்டு ஆறு மாதம் ஓடியதே!

ப: மாதத்தை எண்ணாதீர்கள், எத்தனை தூக்கல் என்று எண்ணுங்கள். மேடைத் தகட்டில் போட்ட துளையை லிஃப்டிங் லக்குக்கு உதாரணம் காட்டாதீர்கள். லக்கில் ஆள் தலைக்கு மேல் சுமை தொங்குகிறது. அதில் துளை போடவே கூடாது.

கே: சின்ன விரிசல்தான், மேலே வெல்டிங்...

ப: மேலே சொல்லிவிட்டேன். அடிக்காதீர்கள்.

கே: வீட்டுச் சீலிங்கில் கான்கிரீட் பெயர்கிறது.

ப: அது கம்பி துருப்பிடிப்பது, வேறு விஷயம். வீவக (எச்டிபி) வீடானால் அதன் கிளை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கே: உடைந்த போல்ட்டைப் பார்த்தே காரணம் தெரியுமா?

ப: பெரும்பாலும் தெரியும். ஒரு பக்கம் வழுவழுப்பாக, கிளிஞ்சல் ஓடு போல வரி வரியாக இருந்தால் அது மெல்ல வளர்ந்த விரிசல். மிச்சம் கரடுமுரடானது, கடைசி நொடியில் பிய்ந்தது. கரடுமுரடான பகுதி பெரிதாக இருந்தால் சுமை அதிகம் என்று அர்த்தம். இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள், வரிகள் நசுங்கிவிடும்.