யோகாசனங்கள் நன்றாக வருகின்றன, வகுப்பும் எடுக்கிறேன். ஆனால் யோகாவின் ஆன்மிகப் பொருள் பிடிபடவில்லை. அது உண்மையில் என்ன?

மாணவர்கள் முன்னால் 'ஆன்மிகம்' என்று சொல்லும்போது உங்களுக்குள் ஒரு கூச்சம் வருகிறது என்று நினைக்கிறேன். எனக்கு ஏழு வருடம் அந்தக் கூச்சமே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு காலை வகுப்பில் பச்சிமோத்தாசனம், கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு நெற்றி முழங்காலைத் தொட நான்கு விரற்கடை பாக்கி. முதுகில் கை வைத்து அழுத்தினேன். அவர் மூச்சைச் சட்டென்று இழுத்துப் பிடித்தது காதில் விழுந்தது. விழுந்தும் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "வலிக்குதாம்மா?" என்றேன். "பரவால்ல மாஸ்டர்" என்றார். "தசை இளகுது, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அது பொய். தசை இளகும்போது மூச்சு நீளும், அப்படித் தடைபட்டு நிற்காது. இது தெரியாதவன் இல்லை நான்.

நான்காம் நாளிலிருந்து அவர் வரவில்லை. தொடையின் பின்தசை, உட்காரும் எலும்போடு சேருமிடத்தில் காயம் என்று பக்கத்துப் பாயில் பயில்பவர் சொன்னார். நிர்வாகத்திடம் சொன்னேன். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றார்கள், நானும் ஏற்றவில்லை. அவருக்கு ஏற்கெனவே பலவீனம் இருந்திருக்கும் என்று மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யோகசூத்திரம் எழுதிய பதஞ்சலி, யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலில் வைத்தது இயமத்தை, அதாவது பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கத்தை. அதில் முதல் சொல் அகிம்சை, அடுத்தது சத்தியம். ஆசனம் மூன்றாவது அங்கம். அந்த நூலின் 195 சூத்திரங்களில் அதை விளக்குபவை மூன்றே. இதையெல்லாம் பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான். ஏன் அழுத்தினேன் என்று யோசிக்க யோசிக்க, அந்த நெற்றி முழங்காலைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான் என்று தெரிந்தது. அவர் அதைக் கேட்கவே இல்லை. மனத்தை வருத்துபவை என்று பதஞ்சலி சொல்லும் ஐந்து கிலேசங்களில் அஸ்மிதை என்று ஒன்று வருமே, 'நான்' என்கிற அந்தப் பிடிப்பு, அது என் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. சித்தத்தின், அதாவது மனத்தின், அலைகள் அடங்குவதே யோகம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓர் அலை எழுவதைப் பார்த்தது அப்போதுதான். கை அழுத்தப் போகும் முன்பே அதன் ஆசை நமக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கேட்கும் ஆன்மிகத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

அப்படியானால் ஆசனம் வேண்டாமா என்று சண்டைக்கு வராதீர்கள். உடம்பை இழுக்கென்று நினைத்திருந்தேன், அதற்குள் உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுகிறேன் என்கிறார் திருமூலர். நான் தினமும் பயில்கிறேன். குண்டலினி என்ற உள்சக்தி எழுந்தது, ஒளி தெரிந்தது என்று தம் அனுபவம் சொல்பவர்களையும் மறுக்கவில்லை. எனக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வகுப்பின் கடைசியில் அசையாமல் படுத்திருக்கும் சவாசனத்தைச் சில இடங்களில் இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார்கள், அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறதாம். ஒரு மணி நேரம் உடம்பை முறுக்கி வளைத்துவிட்டு, அது அடங்கத் தொடங்கும் நேரத்தில் "எழுந்திருங்க" என்பது கொடுமை. இதற்காகவே ஓரிடத்தில் வேலையை விட்டேன்.

நான்காவது வாரம் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வலி தெரிந்தும் அழுத்தினேன், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லதுதான்னு சொன்னீங்களே மாஸ்டர், அதை நம்பி வீட்லயும் ரெண்டு நாள் நானே அழுத்திப் பார்த்தேன்" என்றார்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மடித்த போர்வை மேல் உட்கார்ந்து, முழங்காலை மடக்கியே குனிகிறார். நெற்றிக்கும் முழங்காலுக்கும் இடையே இப்போது ஒரு சாண் இருக்கும். என் கை என் மடியில் இருக்கிறது.