டோஸ்டர் எபிசோடா? அது ரேமண்ட்

மகன் பெயர் பொறித்துக் கொடுத்த டோஸ்டரை அப்பா அம்மா கடையில் மாற்றிவிடுகிற கிறிஸ்துமஸ் எபிசோட், தொடர் பெயர் நினைவில்லை என்கிறீர்கள். அது ‘எவரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். மூன்றாவது சீசன், 12ஆவது எபிசோட், பெயரே ‘தி டோஸ்டர்’தான். 1998 டிசம்பரில் சிபிஎஸ் சேனலில் வந்தது. பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டு காபி மேக்கர் வாங்கி வந்திருப்பார்கள். மகன் ரே எப்படிக் கொதிக்கிறார் என்பதைவிட, மாட்டிக்கொண்ட அப்பா ஃபிராங்க், அம்மா மேரி இருவரின் முகத்தைப் பாருங்கள்!

பிள்ளைகளோடு பார்க்க இதேபோல் வேறு எபிசோடும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தொடர்களின் சீசன் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். ஆகவே ஹாலோவீன் (அக்டோபர் கடைசியில், பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள்), தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில், வான்கோழி விருந்து நாள்), கிறிஸ்துமஸ் என்று வரிசையாக சீசனின் முதல் பாதியிலேயே வந்துவிடும். இதே சீசனில் 6ஆவது ஹாலோவீன், 10ஆவது தேங்க்ஸ்கிவிங். பழைய தொடர்களில் தேடும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் கைகொடுக்கும்.

அந்த 10ஆவது, ‘நோ ஃபேட்’, தாராளமாகப் போடலாம். கொலஸ்ட்ரால் பயத்தில் மேரி வான்கோழிக்குப் பதில் டோஃபுவை, அதாவது சோயா பனீரை, வைத்துவிடுவார். விருந்துக்காக வாழும் அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனால் 6ஆவதை மட்டும் பிள்ளைகள் தூங்கிய அப்புறம் பாருங்கள். மிட்டாய் என்று நினைத்து, வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு ஃபிராங்க் கொடுப்பது ஆணுறை. விளக்கம் சொல்லி மாளாது.