முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள், பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே ஊரில் இதே முழியோடுதான் நின்றேன். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: ஆகஸ்டில் பேட்டன் ரூஜ் வந்து எல்.எஸ்.யூ.வில், அதாவது லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், முதுகலை சேர்ந்தாயிற்று. வீடு, சமையல், பஸ் எல்லாம் பழகிவிட்டது. ஆனால் பிப்ரவரி பிறந்ததிலிருந்து லேபில் ஒரே பேஸ்பால் பேச்சு. நீங்கள் மட்டும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கூட வேலை செய்பவர் ஒருவர் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் சும்மாவே தருகிறேன் என்கிறார். "கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது அண்ணா, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எனக்கு என்ன புரியப்போகிறது? போகத்தான் வேண்டுமா?"

போகத்தான் வேண்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்விட்டு வாருங்கள்.

காரணம் இதுதான். கல்லூரி பேஸ்பால் சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும். ஒரு அணிக்கு 56 ஆட்டம் வரை உண்டு. பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம். நம் அணி இருக்கும் எஸ்.இ.சி. என்ற தென்பகுதிப் பல்கலைக்கழகங்களின் பிரிவுக்குள் மட்டும் இப்படிப் பத்து வாரம், 30 ஆட்டம். அணியின் முதல் தரப் பந்துவீச்சாளர் வெள்ளிக்கிழமை இறங்குவார். ஏறக்குறைய நூறு பந்து போடுவார், அப்புறம் ஒரு வாரம் தோளுக்கு ஓய்வு. இரண்டாமவர் சனிக்கிழமை, மூன்றாமவர் ஞாயிறு. எதிரணி டென்னசியோ ஆர்கன்சாவோ என்றால் பத்தாயிரம் பேர் மைதானத்தில் இருப்பார்கள். பந்துக்குப் பந்து கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம், "இப்போது ஏன் அவன் ஓடினான்?" என்று கேட்டால் பதில் வராது.

செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி. பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரி ஏதாவது பஸ் ஏறி வந்திருக்கும். நம் பக்கம் பந்து போடுவது போன வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்த பையன். பாதி இருக்கை காலி. வந்திருப்பவர்களோ வருஷக்கணக்காக ஒரே இருக்கையில் உட்காருகிற பெரியவர்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, சொல்லித்தர ஆசையும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நான் கேட்டேன் என்று பெருமையடிக்க முடியாது, கேட்க வைக்கப்பட்டேன். 2012 மார்ச்சில் ஒரு செவ்வாய் மாலை. எதிரணிக்காரன் ஓங்கி அடித்த பந்து வானத்துக்கு ஏறியது. கிரிக்கெட் பழக்கத்தில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். அதை எங்கள் ஆள் வேலியோரம் சாவகாசமாகப் பிடித்தான். சரி, அதாவது பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டையில் பட்டுத் தெறித்த ஃபவுல் பந்து ஒன்று தலைக்கு அரை அடி தள்ளிப் போய்ப் பின்வரிசையில் மோதியது. முன்னால் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "போனைப் பையில் வை. பந்து உன்னைப் பார்க்காது, நீதான் அதைப் பார்க்க வேண்டும்" என்றார். அப்புறம் என்னைத் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து பல வருஷம் அதுதான் என் இடம்.

அவர் மடியில் எப்போதும் ஒரு ஸ்கோர் நோட்டு இருக்கும். மூன்று ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத் தவறிய மூன்று நல்ல பந்து, ஆகி ஒருவன் வெளியேறினால் கட்டத்தில் ஆங்கில 'கே' (K) எழுதுவார். மட்டையை அசைக்காமலே, வந்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று வெளியேறினால் அதே 'கே'யைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பி எழுதுவார். பயந்து நின்றவனுக்கு அது ஒரு சின்ன அவமானம் என்று எனக்குத் தோன்றும். பேஸ்பாலை நான் கற்றது அந்த நோட்டிலிருந்துதான்.

கிரிக்கெட் தெரிந்த உங்களுக்கு மூன்றே விஷயம் சொல்கிறேன். இங்கே பந்து தரையில் குத்தி வராது. ஆகவே வீசுபவனின் வித்தை முழுக்கக் காற்றிலேயே நடக்கிறது. வேகத்தை மாற்றுவது, கடைசி நொடியில் கீழே விழ வைப்பது, வெளியே போகிற பந்தை உள்ளே வருவதுபோலக் காட்டுவது. அடுத்து, அவுட் ஆவது பெரிய துக்கம் இல்லை. பத்து முறைக்கு மூன்று முறை பந்தை அடித்து முதல் பேஸை, அதாவது ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதை, சேர்ந்தால் அவன் நல்ல மட்டையாளன். மூன்றாவது, ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணியும் மூன்று அவுட் ஆகும்வரை ஆடும், உள்ளூர் அணி இரண்டாவதாகத்தான் ஆடும். கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் முந்தினால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. இலக்கைத் துரத்துவது நமக்கு ரத்தத்தில் ஊறியதுதானே, அதை யாரும் விளக்க வேண்டாம். மட்டை கல்லூரிகளில் உலோகம். முதல் முறை அந்த 'டிங்' ஓசை சமையலறையில் தாம்பாளம் விழுந்ததுபோல இருக்கும். பழகிவிடும்.

மைதானத்தின் பெயர் அலெக்ஸ் பாக்ஸ். பெட்டி இல்லை, ஆளின் பெயர். இங்கே விளையாடிவிட்டு இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் இறந்த மாணவர். வேலிக்கு வெளியே பெரிய பலகை ஒன்றில் தேசியப் பட்டம் வென்ற வருஷங்கள் வரிசையாக இருக்கும்: 1991, 1993, 1996, 1997, 2000, 2009, 2023, 2025. இவற்றில் முதல் ஐந்தும் ஸ்கிப் பெர்ட்மன் என்ற ஒரே பயிற்சியாளரின் காலம்.

இதில் 1996 மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் அதைச் சொல்லாமல் விடமாட்டார். ஒமாஹா நகரத்தில் தேசிய இறுதிப் போட்டி, எதிரணி மயாமி பல்கலைக்கழகம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்தங்கல், மூன்றாம் பேஸில் ஒருவன். வந்தவர் வாரன் மோரிஸ். மணிக்கட்டு எலும்பு முறிவால் சீசனில் பெரும்பகுதியை வெளியே உட்கார்ந்து கழித்தவர், அந்த வருஷம் ஒரு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, கூட அடிக்காதவர். முதல் பந்தையே வலது பக்க வேலிக்கு மேல் அனுப்பினார், மூன்றாம் பேஸில் நின்றவனும் அவரும் சேர்ந்து இரண்டு ரன். 9-8. அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். உங்கள் டிக்கெட் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் அப்போது பிறக்காதவராக இருந்தால் அவர் அப்பா எங்கே இருந்தார் என்று சொல்வார்.

நான் வந்த பிறகு பல வருஷம் அந்தப் பலகையில் ஒன்றும் கூடவில்லை. 2017இல் இறுதி வரை போய் ஃப்ளோரிடாவிடம் தோற்றோம். 'தோற்றோம்' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். இந்த ஊரில் அந்தச் சொல் எப்போது ஒட்டிக்கொண்டது என்று எனக்கே தெரியாது.

அப்புறம் 2023. அந்த சீசனை முழுதாகப் பார்த்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பயிற்சியாளர் ஜே ஜான்சனுக்கு இரண்டாவது வருஷம். விமானப்படை அகாதெமியிலிருந்து பால் ஸ்கீன்ஸ் என்ற ஆறரை அடிப் பையன் வந்திருந்தான். அவன் வெள்ளிக்கிழமை இறங்கினால் 100 மைல், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டர், சர்வசாதாரணம். அந்த சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். 1989இல் இதே எல்.எஸ்.யூ.வின் பென் மெக்டொனால்ட் எடுத்த 202தான் அதுவரை பிரிவின் சாதனை. மட்டையில் டிலன் க்ரூஸ். ஆடிய 71 ஆட்டத்திலும், ஒன்றுவிடாமல், எப்படியாவது பேஸ் போய்ச் சேர்ந்தான். பெரியவர் நோட்டில் அவன் கட்டம் காலியாக இருந்த நாளே இல்லை.

ஜூன் வந்ததும் கணக்கு மாறும். நாடு முழுக்கச் சுமார் 300 கல்லூரிகளில் 64 அணி உள்ளே போகும். நான்கு நான்காகப் பிரிந்து ஆடினால் 16, அப்புறம் 8. அந்த எட்டும் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துக்குப் போகும். 1950 முதல் அங்கேதான். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே.

2023இல் ஒமாஹாவில் நாங்கள் வேக் ஃபாரஸ்ட் என்ற பல்கலைக்கழக அணியிடம் ஒரு முறை தோற்றுவிட்டோம். ஆகவே இறுதிக்குப் போக வேண்டுமென்றால் அதே அணியை அடுத்தடுத்து இரண்டு முறை வெல்ல வேண்டும். முதலாவது முடிந்தது. இரண்டாவது ஜூன் 22, வியாழன். எனக்கு ஆலையில் இரவு ஷிப்ட், ஆற்றோரக் கெமிக்கல் ஆலை. ஓய்வறையில் சின்ன டிவி. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் போட்டான், எதிரணிக்கு ஒரு ரன் கூட இல்லை. அந்தப் பக்கம் பந்துவீசிய ரெட் லவுடரும் ரன் கொடுக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸில் ஆள் நிற்க, வேக் ஃபாரஸ்ட்காரன் பந்தை மெல்லத் தட்டிவிட்டான். எங்கள் முதல் பேஸ் காவலன் ட்ரே மோர்கன் பாய்ந்து வந்து, பந்தை அள்ளி, அதே ஓட்டத்தில் எறிந்து ஓடிவந்தவனை வீழ்த்தினான். கிரிக்கெட்டில் நீங்கள் பார்த்த மிகச் சிறந்த ரன் அவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அது. ஒன்பதில் முடிவு வராமல் ஆட்டம் நீண்டது, பதினோராவது இன்னிங்ஸில் க்ரூஸ் பேஸில் நிற்க டாமி வைட் ஹோம் ரன் அடித்தார். 2-0. இத்தனை வருஷம் என்னோடு காலை வணக்கத்துக்கு மேல் பேசாத ஒரு ஆபரேட்டர் என் தலைக்கவசத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை.

இறுதி ஃப்ளோரிடாவோடு, மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். சனிக்கிழமை 11 இன்னிங்ஸில் 4-3, வெற்றி. ஞாயிறு ஃப்ளோரிடா எங்களை 24-4 என்று துவைத்து எடுத்தது. இருபத்து நான்கு! மறுநாள் காலை ஆலையில் யாரும் பேசவில்லை. அன்று இரவும் முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் கொடுத்தோம். அப்புறம் நடந்ததுதான் 18-4. எதிரணி அடித்த ரன் 24 என்றால், அடுத்த நாள் எங்கள் ஆட்கள் பந்தை அடித்துப் பேஸ் சேர்ந்ததும் சரியாக 24 முறை. இந்தப் பொருத்தத்தை எனக்குப் போனில் கூப்பிட்டுச் சொன்னவர் நோட்டுக்காரப் பெரியவர்தான்.

அடுத்த மாதமே தொழில்முறை அணிகளின் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக ஸ்கீன்ஸ், இரண்டாவதாக க்ரூஸ். ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு பேர் போனது அதுவே முதல் தடவை. கல்லூரி விளையாட்டில் எனக்குப் பழக நாளானது இதுதான். மூன்றாம் வருஷம் முடிந்ததும் நல்ல பையன்கள் கிளம்பிவிடுவார்கள். வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் தனி. பிப்ரவரியில் பாதிப் பெயர் புதிது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தேன், ஒவ்வொரு வருஷமும் முதல் செவ்வாய்க்கிழமை பெரியவரும் என்னைப் போலவே அட்டையைப் பார்த்துத்தான் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

2025 பட்டம் பற்றி நீளமாக எழுதவில்லை, உங்கள் லேபில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். கேட் ஆண்டர்சன் கோஸ்டல் கரோலைனாவுக்கு எதிராக முழு ஆட்டமும் ஒருவராகவே வீசி 1-0 என்று முடித்ததைப் பேசுவார்கள். அவர்கள் பேசாத ஒன்றை நீங்கள் கேளுங்கள்: அதற்கு முன் சொந்த ஊரிலேயே லிட்டில் ராக் என்ற அணி, அந்த சீசனில் வென்றதைவிடத் தோற்றதே அதிகமான அணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தோற்கடித்து, திங்கட்கிழமை வரை நகம் கடிக்க வைத்தது. "லிட்டில் ராக் ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் உங்களுக்கு வேலை இல்லை.

சில்லறை விஷயங்கள். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான். பிப்ரவரி இரவுகளில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். மே மாதப் பகல் ஆட்டத்துக்குத் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். நம் ஊர் வெயில் தெரியும் என்று நானும்தான் நினைத்தேன், இங்கே புழுக்கம் வேறு ஜாதி. ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள், நீங்களும் எழுந்துவிடுங்கள். சட்டைகளில் எழுதியிருக்கும் 'Geaux' பிரெஞ்சு பாணி எழுத்துக்கூட்டல். அதை நான் ஒரு மாதம் 'ஜியாக்ஸ்' என்று படித்துக்கொண்டிருந்தேன். 'கோ' தான். நம் அணியின் பெயர் டைகர்ஸ், ஆகவே கோ டைகர்ஸ்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. ஜம்பலாயா என்ற இந்த ஊர்ச் சாதம் பார்க்க நம் கலந்த சாதம் மாதிரி இருக்கும், உள்ளே பன்றித் தொத்திறைச்சி. ரெட் பீன்ஸிலும் பெரும்பாலும் அதே கதை. மசூதியோ கோயிலோ வீட்டு வழக்கமோ, எது தடுத்தாலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வசந்தத்தில் யாராவது கிராஃபிஷ் வேக வைக்கிறோம், ஆட்டத்துக்கு முன்னால் வா என்று கூப்பிட்டால், சாப்பிடுகிறவராக இருந்தால் மறுக்காதீர்கள். நண்டு உடைத்துப் பழகிய கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

வருகிற செவ்வாய் எனக்குப் பகல் ஷிப்ட், ஐந்தரைக்கு வாகன நிறுத்தத்தில் இருப்பேன். டப்பாவில் தயிர்சாதமும் மாவடுவும் இருக்கும், சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். பெரியவர் இப்போது வீட்டில் ரேடியோவில்தான் கேட்கிறார். நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு பேனா மட்டும் எடுத்து வாருங்கள்.